எழுத்தறிந்த பின்னும் வாசிக்க இயலாத குழந்தைகள்

நம் கிராமங்களில் பள்ளிக்கூடம் இல்லையே என்ற குறை ஏறக்குறைய நீங்கிவிட்டது. நடந்து சென்று சேரக்கூடிய தொலைவில் தொடக்கப்பள்ளி இருக்கிறது. மதிய உணவும் காலைச் சிற்றுண்டியும் வழங்கப்படுகின்றன. பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வளவும் இருந்தும், நான்காம் வகுப்பு வரை ஏறிவிட்ட ஒரு சிறுவன், பத்து வரிக் கதை ஒன்றைத் தானே எடுத்து வாசித்து, அதில் நடந்தது என்ன என்று கூற இயலாமல் நிற்பது இன்றும் காணக்கூடிய காட்சியாகும். இக்குறை எளிதில் வெளிப்படுவதில்லை. அச்சிறுவன் கரும்பலகையில் உள்ளதை அழகாகவே தன் குறிப்பேட்டில் எழுதி விடுகிறான். உண்மையில் அவன் எழுதவில்லை. எழுத்துக்களைப் படம்போல் பார்த்து வரைகிறான். வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்கப் படிக்கும்பொழுது அவன் குரலும் அதில் கலந்துவிடுகிறது. அவனைத் தனியே அழைத்து ஒரு பக்கத்தைக் காட்டும் நாள் வரை அவனுக்கு வாசிக்க வராது என்பது பெற்றோருக்கும் தெரியாது, பல வேளைகளில் ஆசிரியருக்கும் தெரியாது.

இது ஏதோ ஓர் ஊரின் குறையன்று. கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பை வீடுவீடாகச் சென்று அளந்து பார்க்கும் 'அசர்' ஆய்வினைப் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005-ஆம் ஆண்டிலிருந்து நடத்தி வருகிறது. 2022-ஆம் ஆண்டு ஆய்வில், தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் பயில்வோருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று தெரிய வந்தது. கொரோனா நோய் காரணமாக 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை தொடக்க வகுப்புகள் மூடியிருந்ததன் விளைவு அது என்பதில் ஐயமில்லை. பின்னர் நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. ஆயினும் நோய்க்கு முந்திய 2018-ஆம் ஆண்டிலும் அவ்வெண்ணிக்கை பெருமைப்படத் தக்கதாக இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. நோயின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த சிற்றூர்களாக இருந்தவை இவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் அமைந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அதற்குச் சற்று முன்னரே வந்துவிட்டது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பூவிருந்தவல்லி, வில்லிவாக்கம், புழல் ஒன்றியங்களில் எஞ்சியுள்ள ஊராட்சிகள் பாதி கிராமமாகவும் பாதி நகரமாகவும் இருக்கின்றன. தந்தை இரவு முறை வேலைக்குச் செல்கிறார். தாய் காலை ஏழு மணிக்கே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகிறார். மாலையில் பிள்ளையின் அருகில் அமர்ந்து 'எங்கே, படி பார்ப்போம்' என்று கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. நிலமும் கைவிட்டுப் போயிற்று. இப்பிள்ளைகள் நாளை எந்தத் தொழிலுக்குச் சென்றாலும், இயந்திரத்தின்மேல் ஒட்டியுள்ள எச்சரிக்கையையும் கூலிச் சீட்டின் கணக்கையும் வாசித்தே தீரவேண்டும். உழவனின் மகன் எழுத்தறியாமலும் உழவனாக வாழ்ந்த காலம் இவ்வட்டாரத்தில் முடிந்துவிட்டது.

வாசிப்பில் பின்தங்கிய குழந்தைக்கு உதவ விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, அக்குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதாகும். இதற்குப் பெரிய தேர்வு வேண்டியதில்லை. ஒரு தாளில் பத்து எழுத்துக்கள், அடுத்ததில் பத்து எளிய சொற்கள், அதன்பின் நான்கு சிறு வாக்கியங்கள், இறுதியில் பத்து வரிக் கதை ஒன்று என நான்கு தாள்களை ஆயத்தம் செய்துகொண்டால் போதும். ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கேட்பது கூடாது; திக்கி நிற்கும் பிள்ளையைப் பார்த்து எழும் ஒரு சிரிப்பு, அவன் புத்தகத்தைப் பல மாதங்கள் தொடாமலிருக்கப் போதுமானது. வகுப்பு எது, வயது எவ்வளவு என்பதை இங்கே ஒதுக்கிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எழுத்துநிலையில் நிற்கும் பிள்ளையும் உண்டு. இரண்டாம் வகுப்பிலேயே கதை படிக்கும் பிள்ளையும் உண்டு.

எழுத்து நிலையில் நிற்கும் பிள்ளையின் இடர்ப்பாடு பெரியவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. தமிழில் எழுத்துக்கள் 247 என்று நாம் சொன்னாலும், பிள்ளை உண்மையில் கற்க வேண்டியவை உயிரும் மெய்யும் அவை சேரும் முறையுமே. அம்முறையில் சில முடிச்சுகள் உள்ளன. துணைக்கால் எழுத்தின் வலப்புறம் வருகிறது, அதில் தொல்லையில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடப்புறம் நிற்கின்றன. ஆனால் ஒலிப்பில் அவை பின்னால் வருகின்றன. கண் முதலில் காண்பதை வாய் பின்னால் சொல்ல வேண்டும். 'கொ' என்னும் எழுத்திலோ கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாக நிற்க, நடுவிலுள்ள மெய்யை முதலில் ஒலிக்க வேண்டும். 'கு', 'சு', 'து' ஆகியவற்றில் உகரம் ஒவ்வொன்றிலும் வேறு வடிவம் கொள்கிறது. ஆகவே எந்த முடிச்சில் பிள்ளை சிக்கியிருக்கிறது என்று கண்டு அதனை மட்டும் அவிழ்ப்பதே முறை. 'அ' முதல் 'ன்' வரை மறுபடி மறுபடி எழுதச் செய்வதால் கை வலிக்குமேயன்றி முடிச்சு அவிழாது.

இதற்கு வேண்டிய பாடக் கருவி இவ்வட்டாரத்தில் தண்டவாளத்தின் ஓரத்திலேயே நடப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டிப் பாதையின் நிலையப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். 'ஆவடி' மூன்றே எழுத்து. கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை. முதல் நாளே வாசித்துவிடலாம். 'அண்ணனூர்' சற்றுக் கடினம். 'கொரட்டூர்' பலகையில் மேற்சொன்ன 'கொ' இருக்கிறது. 'நெமிலிச்சேரி' என்ற ஒரே சொல்லில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வருகின்றன. 'திருநின்றவூர்' ஒன்றைக் கொண்டே இரண்டு நகரங்களையும் இரண்டு ரகரங்களையும் வேறுபடுத்திக் காட்டலாம். பிள்ளைகள் அன்றாடம் காதால் கேட்கும் பெயர்கள் இவை; கேட்ட பெயரை எழுத்தில் அடையாளம் காணும்பொழுது உண்டாகும் மகிழ்ச்சி, அறியாத சொல்லைக் கூட்டி வாசிக்கும்பொழுது உண்டாவதில்லை. பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி இப்பெயர்களை எழுதி வைக்க மகளிர் குழுவினர் ஒரு மாலைப்பொழுது செலவிட்டால் போதும்.

சொல் நிலைக்கு வந்த பிள்ளைக்கு வேறொரு தடை எதிர்ப்படுகிறது. அது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. 'பூந்தமல்லி' என்று நாவில் வழங்கும் ஊர், ஏட்டில் 'பூவிருந்தவல்லி' ஆகிவிடுகிறது. வீட்டில் 'வந்துனு இருக்கான்' என்று கேட்ட பிள்ளை, நூலில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று பதினோரு எழுத்து நீளத்தில் அதே செய்தியைச் சந்திக்கிறது. எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போனால் இறுதி எழுத்தை அடையும்பொழுது முதல் எழுத்து மறந்துபோகும். 'வந்து', 'கொண்டு', 'இருக்கிறான்' என்று சொல்லைப் பிரித்துக் காட்டி, விரலால் மறைத்து மறைத்து வாசிக்கப் பழக்கினால் சில வாரங்களில் இத்தடை நீங்கும். பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவதும் இதற்கு உதவும்; நூல் நடையைக் காது முன்னரே அறிந்திருந்தால் கண் பின்னர் எளிதில் அறிந்துகொள்ளும்.

இவ்விடத்தில் உச்சரிப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். 'வாழைப்பழம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து 'வாயப்பயம்' என்று படிக்கும் பிள்ளையை நம்மில் பலர் உடனே நிறுத்தித் திருத்துகிறோம். அப்பிள்ளை சொல்லைச் சரியாகவே வாசித்துவிட்டது. தன் வீட்டு ஒலியில் சொன்னது, அவ்வளவே. ழகரத்தைத் திருத்தத் தனி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். கதையின் நடுவில் ஐந்து முறை தடுத்து நிறுத்தினால், ழகரமும் வாராது, கதையும் போய்விடும். எழுத்தையே தவறாகக் கண்டு 'வாளை' என்று வாசித்து மீன் என்று பொருள் கொண்டால் மட்டுமே அது வாசிப்புப் பிழையாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தவரே நல்ல ஆசிரியர் என்பது நம் கருத்து.

வாக்கியம் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு வேண்டுவது பழக்கம் ஒன்றே. ஒரே கதையை மூன்று நான்கு முறை படிப்பதை நம்மவர் மனப்பாடம் என்று இகழ்வதுண்டு. அது சரியன்று. சைக்கிள் பழகுகிறவன் ஒரே தெருவில்தான் பலமுறை சுற்றுகிறான். முதல் முறை சொற்களைக் கூட்டுவதிலேயே மனம் முழுவதும் செலவாகிவிடும். மூன்றாம் முறை வாய் தானே ஓட, மனம் கதைக்குள் நுழைய இடம் கிடைக்கும்.

ஆனால் வாய் ஓடுவதாலேயே மனமும் ஓடுகிறது என்று கொள்ள முடியாது. தங்கு தடையின்றி வாசித்து, பாடத்தின் கீழுள்ள வினாக்களுக்கெல்லாம் சரியான விடையும் எழுதி, ஒன்றும் விளங்கிக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. இஃது எவ்வாறு இயலும் என்று வியப்போர் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். 'சிமிலன் கொழப்பில் தனுவினான்' என்று ஒரு வாக்கியம். இதில் ஒரு சொல்லுக்கும் பொருளில்லை. 'சிமிலன் எங்கே தனுவினான்?' என்று கேட்டால், 'கொழப்பில்' என்று எவரும் சொல்லிவிடுவர், மதிப்பெண்ணும் பெற்றுவிடுவர். நம் வினாத்தாள்களில் பெரும்பகுதி இத்தகைய வினாக்களே. 'அவன் ஏன் அப்படிச் செய்தான்? நீயாயிருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?' என்று கேட்டால்தான் பிள்ளை பொருளைத் தேடிப் பாடத்திற்குள் மீண்டும் செல்லும். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று நாம் கவலையற்று விட்டுவிட்ட பிள்ளைக்கும் உதவி தேவைப்படுகிறது. அது இவ்வகை உதவி.

இத்தனை நிலைப் பிள்ளைகளையும் ஓர் ஆசிரியர் எவ்வாறு கவனிப்பார் என்ற கேள்வி நியாயமானதே. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்; வகுப்புகளோ ஐந்து. விடை நம் பழைய திண்ணைப் பள்ளியிலேயே இருந்தது. அங்கே வகுப்பு என்ற ஒன்று இல்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுதக் கற்பித்தான். எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார் இதனைக் கண்டு தம் பள்ளியில் கையாண்டார். தாயகம் திரும்பி 1797-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அங்கே பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் கூட்டி இராணுவப் பயிற்சிபோல் நடத்தி அதன் உயிரைப் போக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

அவ்வுயிர் 2003-ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் மீண்டும் தலையெடுத்தது. அப்பொழுது ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் நடைபெற்ற முறையைக் கண்டறிய ஆசிரியர்களை அனுப்பினார். பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏணிப்படம் ஒன்றில் ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியைக் கண்டு அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகை வந்தது. 'செயல்வழிக் கற்றல்' என்னும் இம்முறை 2007-08-இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதில் குறைகளும் காணப்பட்டன. அட்டைகள் தொலைந்தால் படி தவறிவிடும். பிள்ளை தானே கற்கட்டும் என்று ஆசிரியர் ஒதுங்கிவிட்ட இடங்களில் ஏணி நின்றது, ஏறுவார் இல்லை.

2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது நம் பகுதியிலேதான். புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முதலமைச்சர் அதனைத் தொடங்கி வைத்தார். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாக, வகுப்பைக் கொண்டன்றித் திறனைக் கொண்டு பிரிக்கப்பட்டனர். மறு ஆண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் சேர்ந்தன. நாள்தோறும் ஒரு மணி நேரத்தை இவ்வாறு நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதற்கென்றே ஒதுக்கிய அரியானா பள்ளிகளில் வாசிப்புத் திறன் தெளிவாக உயர்ந்ததை, 2019-இல் நோபெல் பரிசு பெற்ற அபிசித் பானர்சி, எஸ்தர் டுப்லோ ஆகியோரின் ஆய்வுக் குழு கண்டிருக்கிறது. ஆகவே நிலை பிரிப்பது நல்ல வழியே. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆறு வாரத்திற்கு ஒரு முறையேனும் பிள்ளைகளை மறுபடி கேட்டு இடம் மாற்ற வேண்டும். ஜூன் மாதத்து அரும்பு ஏப்ரல் வரை அரும்பாகவே இருந்தால், அது நிலையன்று, பட்டப்பெயர். வகுப்பில் கடைசி வரிசைக்கு அழகிய பெயர் சூட்டிவிட்டதாகவே அது முடியும்.

வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாசிக்க ஏதேனும் கையில் இருக்கவேண்டும். பாடநூல் ஒன்றை வைத்துக்கொண்டு எவரும் வாசகராகிவிட முடியாது. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்ற நான்கு படிகளில் சிறு கதை நூல்களை வெளியிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' நூலைக் கையில் எடுத்தாலும் வெட்கப்பட வேண்டாத வகையில் இவை அமைந்திருப்பது பாராட்டத் தக்கது. இந்நூல்கள் பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் அழுக்கேறுகின்றனவா என்று ஊராட்சி மன்றத்தார் பார்த்துவர வேண்டும். அழுக்கேறாத புத்தகம் இருப்புப் பதிவேட்டிற்கு அழகு; வேறெதற்கும் அன்று.

சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலகத்துறை அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன், படிப்பவனுக்கு ஏற்ற நூலைத் தேடிச் சேர்ப்பதே நூலகத்தின் வேலை என்று 1931-இல் வகுத்துக் காட்டினார். அதே ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். நூலகம் மனிதனைத் தேடிச் செல்வது நமக்குப் புதிதன்று. 2006 முதல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் ஏதேனும் பூட்டிக் கிடக்குமாயின், மாலை ஐந்து முதல் ஏழு வரை திறந்து வைக்க ஊரில் படித்த இளைஞர் ஒருவர் போதும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், ஊர்தோறும் இருக்கிறார்கள். மாலை வேளையில் பெற்றோர் வேலையிலிருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டுவது இவ்விரண்டு மணி நேரமே.

தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளும் இவ்வட்டாரத்தில் பலர். தொழிற்பேட்டைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வருவோரின் பிள்ளைகளும் அரும்பு நிலையில் சேர்த்து அமர்த்தப்படுகிறார்கள். இவர்களுக்கு எழுத்துக் கடினமன்று; சொல்லின் பொருள்தான் தெரியாது. மூன்று மாதம் பேசவும் கேட்கவும் பழகிய பிறகே இவர்களின் வாசிப்பை அளக்க வேண்டும்.

விரலால் வாசிக்கும் பிள்ளைகளையும் இங்கே மறவாதிருப்போம். பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், மத்திய அரசின் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளன. ஆறு புள்ளிகளைக் கொண்ட பிரெயில் முறை இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் 'பாரதி பிரெயில்' என அமைக்கப்பட்டது. அதில் உயிர்க்குறி எப்பொழுதும் மெய்யின் பின்னரே வருகிறது. ஒலிக்கும் வரிசையிலேயே விரல் செல்கிறது. கண்ணுள்ள பிள்ளையை இடறும் கொம்பு, அங்கே இடறுவதில்லை. ஆனால் விரல் நுனி புள்ளிகளைப் பிரித்தறியப் பல மாதப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி ஐந்தாறு வயதிலேயே தொடங்குவது நலம். தம் ஊரில் பார்வைக் குறையுள்ள குழந்தை வீட்டிலேயே இருக்கக் கண்டால், ஊராட்சி உறுப்பினர்கள் அக்குழந்தையின் பெற்றோருக்கு இந்நிலையங்களைப் பற்றிக் கூற வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோரே. அக்குழுவின் கூட்டங்களில் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பேசப்படுகின்றன, அவையும் வேண்டியவையே. அவற்றுடன், 'ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கதை வாசிக்கிறார்கள், எத்தனை பேர் சொல் நிலையில் நிற்கிறார்கள்?' என்ற கேள்வியையும் ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதே எண்ணிக்கையைக் கிராம சபையிலும் படித்துக் காட்டலாம்.